கணுக்கால் மூட்டை ஏன் இன்னும் பூட்டுகிறோம்?

"உங்க கணுக்கால் மூட்டு முழுசா தேஞ்சு போச்சு. இனி அது அசையாதபடி எலும்பையும் எலும்பையும் ஒட்ட வெச்சிடலாம்."

ஒரு எலும்பு மருத்துவர் இப்படிச் சொன்னால் கேட்பவருக்கு முதலில் வருவது கோபம். "முழங்கால் தேஞ்சா புது மூட்டு வைக்கிறீங்க. இடுப்பு தேஞ்சாலும் புது மூட்டு வைக்கிறீங்க. கணுக்காலுக்கு மட்டும் பூட்டுப் போடுவீங்களா டாக்டர்?"

நியாயமான கேள்விதான். இதற்கு ஓபி-யில் 5 நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. பதில் கிட்டத்தட்ட 145 வருட வரலாற்றில் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க. உங்க வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் கண்டிப்பா கடைசி வரை படிங்க.

முதலில் மூட்டைப் பார்த்துவிடுவோம். முழங்காலுக்குக் கீழே வரும் பெரிய எலும்பு டிபியா. அதன் வெளிப்பக்கம் ஒட்டி வரும் மெல்லிய எலும்பு ஃபிபுலா. இந்த இரண்டும் சேர்ந்து ஒரு கவ்வி போலப் பிடித்திருக்கும் பாத எலும்பின் பெயர் டேலஸ். டிபியாவுக்கும் டேலஸுக்கும் நடுவில் இருப்பதுதான் கணுக்கால் மூட்டு. பாதத்தை மேலே தூக்குவதும் கீழே அழுத்துவதும் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. நடக்கும்போது உடல் எடையைப் போல 4, 5 மடங்கு பாரம் இந்தச் சின்ன மூட்டின் மேல் இறங்குகிறது.

இந்த மூட்டைப் பூட்டும் ஆபரேஷனுக்கு ஆர்த்ரோடீசிஸ் என்று பெயர். பேச்சு வழக்கில் ஃபியூஷன். ஆர்த்ரோடீசிஸ் என்பது கிரேக்க வேர்களில் இருந்து வந்த சொல், மூட்டைக் கட்டிப் போடுவது என்று பொருள்.

சரி, கதைக்கு வருவோம்.

19-ஆம் நூற்றாண்டில் கணுக்கால் மூட்டுக்குள் காசநோய் புகுந்து சீழ் பிடித்தால் காலை வெட்டுவதுதான் வைத்தியம். அதுவும் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே வெட்டுவார்கள். 1842-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்ற சர்ஜன், அவ்வளவு மேலே வெட்ட வேண்டாம், கணுக்காலோடு நிறுத்திக் குதிகால் தோலையே அடியில் மடித்து வைத்துத் தைத்துவிடலாம் என்று செய்து காட்டினார். அப்போது மயக்க மருந்து கிடையாது. ஈதர் வருவதே 1846-இல்தான். அந்தக் காலத்தில் இதுவே பெரிய முன்னேற்றம், ஆளுக்கு நிற்க ஒரு முனையாவது மிச்சமாகும்.

அந்த சைமின் மருமகன் யார் தெரியுமா? ஜோசப் லிஸ்டர். கார்பாலிக் அமிலத்தை வைத்துக் கிருமியைத் தடுத்து ஆபரேஷன் செய்யலாம் என்று 1867-இல் எழுதியவர். மாமனார் கணுக்காலை வெட்டினார். மருமகன் கண்டுபிடித்த முறையால்தான் பின்னால் அதை வெட்டாமல் திறக்க முடிந்தது. லிஸ்டருக்கு முன்னால் நல்ல மூட்டைக் கத்தியால் திறப்பது கிட்டத்தட்ட மரணத்தை அழைப்பது போல.

அந்தத் துணிச்சல் வந்த பிறகு ஆஸ்திரியாவில் எடுவர்ட் ஆல்பர்ட் என்ற சர்ஜன் வருகிறார். போஹீமியாவில் பிறந்தவர், அப்போது இன்ஸ்ப்ரூக்கில் பேராசிரியர். அவரிடம் வந்தது 14 வயதுப் பிள்ளை. வாதம் வந்து கால்கள் துவண்டு கிடந்தன. தசைக்கு பலம் இல்லாததால் மூட்டுகள் கட்டுப்பாடின்றி ஆடின, ஊன்றி நிற்க வழியில்லை. ஆல்பர்ட் யோசித்தது எளிமையானது. தசை பிடிக்காத மூட்டை எலும்பே பிடித்துக்கொள்ளட்டும். மூட்டுப் பரப்பில் இருந்த குருத்தெலும்பைச் செதுக்கி எடுத்துவிட்டு, பச்சை எலும்பும் பச்சை எலும்பும் முட்டும்படி வைத்து, முறிந்த எலும்பு கூடுவது போலக் கூட விட்டார். முழங்கால், கணுக்கால் இரண்டையும் இப்படிச் செய்ததாக 1879-இல் வெளியான குறிப்பு இருக்கிறது. ஆர்த்ரோடீசிஸ் என்ற சொல்லும் அவர் கொடுத்ததுதான்.

(ஒரு கிளைக்கதை. ஆல்பர்ட்டின் மாணவர் அடால்ஃப் லாரன்ஸ். லிஸ்டரின் கார்பாலிக் அவர் கைக்கு ஒத்துக்கொள்ளாமல் தோல் புண்ணாகிவிட்டது, கத்தி பிடிக்க முடியாத நிலை. கத்தி இல்லாத வைத்தியத்துக்குப் போ என்று ஆல்பர்ட் அவருக்கு வழி காட்டினார். ரத்தம் சிந்தாத சர்ஜன் என்று உலகப் புகழ் பெற்றார் லாரன்ஸ். 1973-இல் நோபல் பரிசு வாங்கிய கான்ராட் லாரன்ஸ் இவருடைய மகன்.)

கவனிச்சீங்களா? ஃபியூஷன் பிறந்தது தேய்மானத்துக்காக இல்லை. போலியோவுக்கும் காசநோய்க்கும். அடுத்த 70 வருடம் இந்த இரண்டு நோய்கள்தான் இந்த ஆபரேஷனுக்கு ஆள் அனுப்பின.

அந்த 70 வருடத்தில் சர்ஜன்களைத் தூங்க விடாத பிரச்சினை ஒன்றே ஒன்று: எலும்பு கூடாமல் போவது. குருத்தெலும்பைச் சீவிவிட்டு மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். கட்டைப் பிரித்தால் சில பேருக்கு உள்ளே இன்னும் ஆடிக்கொண்டே இருக்கும். மூட்டும் போச்சு, வலியும் போகவில்லை. இந்தச் சிக்கல் இன்றைக்கும் முழுதாகத் தீரவில்லை. பின்னால் அதற்கு வருகிறேன்.

இங்கேதான் மான்செஸ்டர்காரர் ஜான் சார்ன்லி வருகிறார். வித்தியாசமான மனிதர். எலும்பு ஒட்டு எப்படிப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள, சக மருத்துவரை வைத்துத் தன் சொந்தக் கால் எலும்பிலேயே ஆபரேஷன் செய்துகொண்டு, அதில் சீழ் பிடித்து அவஸ்தைப்பட்டவர். (தயவு செய்து யாரும் முயற்சி செய்யாதீங்க.)

எலும்புகளைச் சும்மா பக்கத்தில் வைத்தால் போதாது, இறுக்கி அழுத்த வேண்டும் என்றார் சார்ன்லி. 1948-இல் முழங்காலில் இதைச் செய்து எழுதினார். 1951-இல் கணுக்காலுக்கும் தோளுக்கும் எழுதினார். டிபியாவில் குறுக்கே ஒரு கம்பி, டேலஸில் குறுக்கே ஒரு கம்பி, தோலுக்கு வெளியே இரண்டு பக்கமும் திருகு வைத்த கவ்வி. திருகைத் திருகத் திருக இரண்டு எலும்பும் நெருங்கி இறுகும். தச்சர் பசை தடவிய இரண்டு பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்குவாரே, அதே வேலைதான். அழுத்தம் எலும்பை வளர வைக்கிறதா, அல்லது ஆடாமல் பிடித்து வைப்பதால் எலும்பு தானாக வளர்கிறதா என்ற விவாதம் பிறகு நடந்தது. என் கணக்கில் இரண்டாவதற்குத்தான் பலம் அதிகம். ஆனால் நோயாளிக்கு அந்த விவாதம் எதற்கு? எலும்பு கூடியது, அவ்வளவுதான்.

ஆனால் கம்பி நுழைந்த ஓட்டை வழியே கிருமியும் நுழைந்தது. கம்பியைச் சுற்றிச் சீழ் பிடிப்பது அந்தக் காலத்தின் தனித் தலைவலி. அதனால் பின்னாளில் கம்பியை விட்டுவிட்டு உள்ளேயே பெரிய ஸ்க்ரூ போட்டு இறுக்க ஆரம்பித்தார்கள். 1980-களில் கணுக்கால் ஃபியூஷனுக்கு ஸ்க்ரூதான் என்று ஆகிவிட்டது. அதே பத்தாண்டில் ஆர்த்ராஸ்கோப்பி வழியாக, சின்னத் துளை போட்டே குருத்தெலும்பைச் சுரண்டி எடுக்கும் முறையும் வந்தது. 2005-இல் பிரிட்டனில் இருந்து வந்த ஒரு அறிக்கையில், இப்படித் துளை வழியே செய்த 118 கணுக்கால்களில் 9 மட்டும் கூடவில்லை. கூடியவை சராசரியாக 12 வாரத்தில் கூடின.

இப்போது வரலாற்றின் ஒரு வினோதமான திருப்பம்.

காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில் வந்துவிட்டது. 1955-இல் போலியோ தடுப்பூசி வந்துவிட்டது. (நம்ம நாட்டில் காட்டுவகைப் போலியோவின் கடைசிக் குழந்தை 2011 ஜனவரி.) ஆள் அனுப்பிக்கொண்டிருந்த இரண்டு நோயும் ஒதுங்கிவிட்டன. போதாக்குறைக்கு, மூட்டை இறுக்கிப் பூட்டுவதில் பேர் வாங்கிய அதே சார்ன்லி 1962-இல் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பிளாஸ்டிக் கிண்ணமும் உலோகப் பந்தும் வைத்த இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷனை வெற்றிகரமாக ஆரம்பித்து வைத்தார். இடுப்பைப் பூட்டும் தேவை அதோடு ஏறக்குறைய முடிந்தது. பிறகு முழங்காலும் அதே வழியில் போனது. நியாயப்படி கணுக்கால் ஃபியூஷனும் மியூசியத்துக்குப் போயிருக்க வேண்டும்.

முயற்சி நடந்தது. 1970-இல் பிரான்சில் லார்ட், மரோட் என்ற இருவர் செயற்கைக் கணுக்கால் வைத்தார்கள். இடுப்பு மூட்டையே தலைகீழாகக் கவிழ்த்தது போன்ற வடிவம். டேலஸை எடுத்துவிட்டு, டிபியாவுக்குள் நீளமான தண்டு, குதிகால் எலும்பில் கிண்ணம். 25 பேருக்கு வைத்ததில் 7 பேருக்குத்தான் திருப்தி. 12 பேருக்குத் தோல்வி. 1970-களில் வந்த மற்ற வடிவங்களும் சில வருடத்தில் ஆட்டம் கண்டு கழன்றன. கழன்ற பிறகு மிச்சம் இருக்கும் எலும்பு கொஞ்சம்தான். அதைப் பூட்டுவது இன்னும் கஷ்டம்.

ஏன் கணுக்கால் மட்டும் இப்படி முரண்டு பிடித்தது? பரப்பு சின்னது, பாரம் பெரியது. மேலே போர்த்த தசை கிடையாது, வெறும் தோல்தான், புண் சீக்கிரம் ஆறாது. எல்லாவற்றையும் விட முக்கியம், வருகிற ஆட்கள். முழங்கால் பெரும்பாலும் வயதால் தேய்கிறது. கணுக்கால் அப்படித் தேய்வது அபூர்வம். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்த 639 கணுக்கால் தேய்மான நோயாளிகளைப் பார்த்து 2005-இல் எழுதினார்கள்: 70 சதவீதம் பேருக்குக் காரணம் பழைய அடி, முறிவு, சுளுக்கு. முடக்குவாதம் 12 சதவீதம். காரணமே இல்லாமல் தேய்ந்தது வெறும் 7 சதவீதம். பைக்கில் இருந்து விழுந்தவர், மாடியில் இருந்து குதித்தவர், விளையாட்டில் திரும்பத் திரும்பக் கணுக்காலை மடக்கியவர். அதாவது இளவயசு. 40 வயசுக்காரருக்குச் செயற்கை மூட்டு வைத்தால் அது இன்னும் 35 வருடம் ஓட வேண்டும்.

கால்பந்து பார்ப்பவர்களுக்கு இரண்டு பெயர் சொன்னால் போதும். நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன், 28 வயதில் கடைசி ஆட்டம், 30 வயதில் ஓய்வு அறிவிப்பு, காரணம் கணுக்கால். பிறகு அதைப் பூட்ட வேண்டி வந்தது. அர்ஜென்டினாவின் பாடிஸ்டூட்டா, ஓய்வு பெற்ற பிறகு நடக்க முடியாமல், சில அடி தூரத்தில் இருந்த பாத்ரூமுக்குப் போக வலி விடாமல் படுக்கையிலேயே சிறுநீர் கழித்ததையும், என் காலை வெட்டி எடுத்துடுங்க என்று டாக்டரிடம் கேட்டதையும் 2014-இல் ஒரு பேட்டியில் சொன்னார். டாக்டர் மறுத்துவிட்டார். 2019-இல் ஸ்விட்சர்லாந்தில் அவருக்குச் செயற்கைக் கணுக்கால் வைத்தார்கள்.

"கணுக்கால் வலிதானே" என்று வீட்டில் யாரையாவது சொல்வதற்கு முன் இதை ஒரு நிமிடம் நினைச்சுக்கோங்க. முற்றிய கணுக்கால் தேய்மானம் வாழ்க்கையை முடக்கும் அளவு, முற்றிய இடுப்புத் தேய்மானத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை என்று 2008-இல் ஆய்வே வந்திருக்கிறது.

ஆக, ஃபியூஷன் தப்பிப் பிழைத்தது. அது தப்பிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது, அதுதான் இந்தப் பதிவின் மையம். கணுக்காலைப் பூட்டினாலும் பாதம் முழுசா மரக்கட்டை ஆகிவிடாது. டேலஸுக்குக் கீழேயும் முன்னாலேயும் இருக்கிற சின்ன மூட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து கொடுத்து, பூட்டிய மூட்டின் வேலையில் ஒரு பங்கைச் செய்கின்றன. அதனால்தான் நன்றாகக் கூடிய ஃபியூஷன்காரர் சமதரையில் செருப்புப் போட்டு நடந்தால் பல பேருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் இந்த உதவி இலவசம் இல்லை.

2001-இல் அயோவாவில் இருந்து வந்த ஒரு சின்ன ஆய்வு. அடிபட்டுத் தேய்ந்து ஃபியூஷன் செய்துகொண்ட 23 பேரை, சராசரியாக 22 வருடம் கழித்துத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். 23 பேர்தானே என்று தோன்றும். 22 வருடம் கழித்து ஒரு நோயாளியைத் திரும்பக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று மருத்துவர்களைக் கேளுங்க. கிடைத்தது என்ன? முழங்கால் பெரிதாகக் கெடவில்லை. ஆனால் அதே பாதத்தின் அக்கம்பக்க மூட்டுகள் பெரும்பாலானோருக்கு நன்றாகத் தேய்ந்திருந்தன. பூட்டிய மூட்டு வலிக்கவில்லை, பக்கத்து மூட்டு வலித்தது. முதலில் அடிபட்டபோதே அந்த மூட்டுகளும் கொஞ்சம் அடி வாங்கியிருக்கலாம், எல்லாப் பழியையும் ஃபியூஷன் மேல் போட முடியாது. ஆனாலும் 30 வயதில் இந்த ஆபரேஷன் செய்துகொள்பவருக்கு 50-களில் என்ன வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

அடுத்து, எந்தக் கோணத்தில் பூட்டுவது? சின்ன விஷயமாகத் தெரியும். ஒரு காலத்தில் பெண்களுக்குப் பாதம் கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டினார்கள். ஏன்? ஹீல்ஸ் போட வசதியாக இருக்குமாம்! அந்தப் பாதத்தோடு வெறுங்காலில் நடந்தால் முன்பாதம் முதலில் தரையில் மோதும், ஒவ்வொரு அடியிலும் முழங்காலைப் பின்பக்கமாகத் தள்ளும், வருடங்கள் போகப் போக முழங்கால் பின்னால் வளைந்துவிடும். 1979-இலும் 1987-இலும் நடையை ஆய்வகத்தில் அளந்து எழுதிய பிறகுதான் கணக்கு தெளிவானது: பாதம் காலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், குதிகால் 0 முதல் 5 டிகிரி வெளிப்பக்கம் சாயலாம், பாதம் 5 முதல் 10 டிகிரி வெளியே திரும்பி இருக்கலாம். பூட்டிய பிறகு அந்தக் கோணம் ஆயுளுக்கும் அதேதான். ஆபரேஷன் டேபிளில் சர்ஜன் பாதத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

முன்னால் சொன்ன கூடாத எலும்புக்கு வருவோம். 2007-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், ஃபியூஷன் செய்த 1,262 பேரில் சுமார் 10 சதவீதத்துக்கு எலும்பு கூடவில்லை. 9 சதவீதத்துக்கு மறு ஆபரேஷன். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டி வந்தவர்கள் ஃபியூஷனில் 5 சதவீதம், செயற்கை மூட்டில் 1 சதவீதம். இந்த 5-ஐப் பார்த்து மிரள வேண்டாம். செயற்கை மூட்டுக்குத் தகுதியில்லாத மோசமான கால்கள், பழைய சீழ், சர்க்கரையால் உணர்வு செத்த கால்கள் எல்லாம் பெரும்பாலும் ஃபியூஷன் பக்கம்தான் தள்ளப்படும். ஒப்பீடு சமமானது இல்லை.

யாருக்குக் கூடாமல் போகிறது? 1994-இல் வந்த ஒரு ஆய்வின் கணக்கு, புகைப்பவருக்கு ஆபத்து 3.75 மடங்கு. இந்த எண்ணை மட்டும் யாருக்காவது ஃபார்வர்ட் பண்ணினாலே எனக்குப் போதும். ஸ்க்ரூவில் எவ்வளவு காசு போட்டாலும், ரத்தம் போய்ச் சேராத எலும்பு கூடாது. சிகரெட் சுருக்குவது அந்த ரத்த ஓட்டத்தைத்தான். பீடிக்கும் இதே கதைதான், "நான் பீடிதான் டாக்டர்" என்பது பதில் ஆகாது. கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் அதே வரிசையில் வருகிறது, கூடவே கிருமித் தொற்றையும் கூட்டி வருகிறது.

இதற்கிடையில் செயற்கைக் கணுக்காலும் சும்மா இருக்கவில்லை. வடிவம் மாறி, சிமெண்ட் விட்டு, நல்லாவே தேறிவிட்டது. கனடாவில் இரண்டு ஆபரேஷனையும் சராசரியாக ஐந்தரை வருடம் தொடர்ந்து பார்த்து 2014-இல் எழுதினார்கள். வலியும் நடையும் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி முன்னேறின. மறு ஆபரேஷன் மட்டும் செயற்கை மூட்டில் 17 சதவீதம், ஃபியூஷனில் 7 சதவீதம்.

ஆனால் அது குலுக்கல் போட்டுப் பிரித்த ஆய்வு இல்லை. அப்படி ஒன்று பிரிட்டனில் 2015-இல் ஆரம்பித்தது. 17 மருத்துவமனைகள், 50 முதல் 85 வயது வரை 303 பேர். யாருக்குப் பூட்டு, யாருக்குப் புது மூட்டு என்பதைக் குலுக்கல் முடிவு செய்தது. முடிவு 2022-இல் வந்தது. ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் வலியும் நடையும் நல்ல முன்னேற்றம். செயற்கை மூட்டுக்குக் கொஞ்சம் சாதகமாக இருந்த வித்தியாசம், புள்ளியியல் கணக்கில் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. சிக்கல்கள்தான் வேறு வேறு. புண் ஆறாத பிரச்சினை செயற்கை மூட்டில் 13.4 சதவீதம், ஃபியூஷனில் 5.7. நரம்பு பாதிப்பும் செயற்கை மூட்டில் அதிகம். ரத்தக்கட்டி ஃபியூஷனில் சற்று அதிகம், 4.9-க்கு 2.9. ஃபியூஷனில் எக்ஸ்ரேயில் எலும்பு கூடாமல் தெரிந்தது 12 சதவீதம், அதனால் தொந்தரவு இருந்தது 7 சதவீதம்.

1879-இல் ஆல்பர்ட் சந்தித்த அதே பிரச்சினை, 2022 அட்டவணையிலும் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது பாருங்க.

நம்ம ஊர் நடைமுறைக்கு வந்தால், ஃபியூஷனுக்குப் பிறகு சப்பணம் போட்டுத் தரையில் உட்கார்வது பெரும்பாலும் முடியும், அது இடுப்பும் முழங்காலும் செய்கிற வேலை. குதிகால் ஊன்றிக் குந்தி உட்கார்வது முடியாது. வீட்டில் இந்தியக் கழிவறை மட்டும் இருந்தால் ஆபரேஷன் தேதிக்கு முன்னால் கொத்தனாரைக் கூப்பிடுங்க. மேடு பள்ளமான வரப்பில் நடப்பதும் இறக்கத்தில் இறங்குவதும் சிரமம். அடிப்பகுதி படகு போல வளைந்த ஷூ போட்டால் நடை இலகுவாகும். செருப்பில்லாமல் நாள் முழுக்க வயலில் நிற்பவர், கூரை வேலை செய்பவர், இதையெல்லாம் டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்க. உட்கார்ந்து வேலை செய்யும் 65 வயதுக்காரருக்குச் சரியாக வருவது உங்களுக்குச் சரியாக வராமல் போகலாம். கனமான வேலை செய்யும் இளவயசுக்காரருக்கு இன்றைக்கும் நான் பூட்டைத்தான் முதலில் யோசிப்பேன்.

"ஒருமுறை பூட்டினா பூட்டினதுதானா டாக்டர்?" என்று கேட்பார்கள். நீண்ட காலம் பதில் ஆமாம் என்றுதான் இருந்தது. 2009-இல் ஸ்விட்சர்லாந்தின் ஹின்டர்மன் குழு, வலி தந்த பழைய ஃபியூஷன்களை மறுபடி அறுத்துத் திறந்து செயற்கை மூட்டு வைத்த அனுபவத்தை எழுதியது. சுலபமான வேலை இல்லை, எல்லோருக்கும் பொருந்தாது, செய்யும் கைகளும் உலகத்தில் குறைவு. ஆனால் அது நடக்க வேண்டுமானால் வெளிப்பக்கம் இருக்கும் ஃபிபுலா எலும்பு மிச்சம் இருக்க வேண்டும். பழைய முறைகள் சிலவற்றில் மூட்டுக்குள் போக வழிக்காக அதன் கீழ் முனையை வெட்டி எடுத்துவிடுவார்கள். இப்போது பல சர்ஜன்கள் முடிந்தவரை அதை விட்டு வைக்கிறார்கள். உங்களுக்கு ஃபியூஷன் பேசப்பட்டால், புகை, சர்க்கரை, கோணம் பற்றியெல்லாம் கேட்ட பிறகு, ஃபிபுலாவை வைப்பீங்களா எடுப்பீங்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.